இசட்ராம்: மூன்றாவது எண்ணைப் பாருங்கள்

எட்டு ஜிபி லேப்டாப்பில், தரவை அமுக்கி ராமிலேயே வைக்கும் லினக்ஸ் வசதியான இசட்ராமை ஸ்வாப்பாக (ராம் நெருக்கடியில் தரவை ஒதுக்கும் இடமாக) போட்டிருக்கிறேன். 'ஃப்ரீ' கட்டளை ஸ்வாப்பில் 2 ஜிபி நிரம்பிவிட்டது என்கிறது. அவ்வளவும் ராமிலிருந்துதானே போகிறது சார்? (அல்சூர் வாசகர்)

இல்லை. 'ஃப்ரீ' சொல்வது அமுக்குவதற்கு முந்தைய அளவு. சிஸ் கோப்புறையில் பிளாக், அதற்குள் இசட்ராம்0, அதற்குள் எம்எம்_ஸ்டாட் கோப்பைத் திறங்கள். தலைப்பே இல்லாமல் ஒரே வரியில் எண்களைக் கொட்டும். யார் வாசிக்க என்று வைத்தார்களோ! முதல் எண் அசல் அளவு, இரண்டாவது அமுக்கிய அளவு, மூன்றாவதுதான் ராமில் பிடித்திருக்கும் இடம். எல்லாம் பைட்டில். முதலாவது 2147483648, மூன்றாவது 671088640 என்றிருந்தால் 2 ஜிபி சரக்கு 640 எம்பியில் அடங்கிவிட்டது. பைட்டைப் பிரித்துப் பார்க்கச் சலிப்பாக இருந்தால் 'இசட்ராம்சிடிஎல்' தட்டுங்கள். 'டோட்டல்' பத்தியில் வருவது அந்த மூன்றாவது எண்தான்.

இரண்டாவதைவிட மூன்றாவது பெரிதாகவே இருக்கிறதே? (மாரத்தஹள்ளி)

இருக்கத்தான் செய்யும். அமுக்கிய துண்டுகளை இசட்எஸ்மாலாக் (இசட்ராமுக்கு மெமரி ஒதுக்கும் பகுதி) அளவுவாரியாக அடுக்குகிறது. நடுவில் சில துண்டுகள் விடுபட்டால் ஓட்டை விழும், அந்த மெமரிப் பக்கமோ (4096 பைட் கொண்ட துண்டு) காலியாகாது. அதே இடத்திலுள்ள 'காம்பாக்ட்' கோப்பில் 1 எழுதினால் ஓட்டைகளை ஒதுக்கிச் சேர்க்கும். மெமரி நெருக்கடி வந்தால் கெர்னலே இதைச் செய்யும் என்பதால், க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கருவி) போட்டு ஓட்டுவது என் பார்வையில் வீண் வேலை.

இசட்ராமின் 'டிஸ்க்சைஸ்' அமைப்பில் 8 ஜிபி கொடுத்தால் 8 ஜிபி போய்விடுமா? (கே.ஆர். புரம்)

போகாது. அது அசல் தரவுக்கான உச்சவரம்பு மட்டுமே. காலியாகக் கிடந்தால் அதில் சுமார் 0.1 சதவீதம், அதாவது 8 எம்பி போகும். ராமுக்குக் கடிவாளம் வேண்டுமென்றால் 'மெம்_லிமிட்' வையுங்கள். ஆனால் வரம்பு தொட்டதும் புதிதாக எழுதுவது தோற்கும். அதற்கு முன் உச்சம் எவ்வளவு என்று எம்எம்_ஸ்டாட்டின் ஐந்தாவது எண்ணில் பாருங்கள். 'மெம்_யூஸ்ட்_மேக்ஸ்' கோப்பில் 0 எழுதிவிட்டு, வேலைப்பளு கூடிய ஒருநாள் ஓடவிட்டால் நம்பத்தகுந்த அளவு கிடைக்கும்.

இசட்ராமில் எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் போட்டு பில்ட் (மென்பொருள் தொகுப்பு வேலை) ஓட்டுகிறேன். கோப்புகளை அழித்தும் மெமரி திரும்பவில்லை. (ஒயிட்ஃபீல்டு)

கோப்பு போனது ஃபைல்சிஸ்டத்துக்குத் தெரியும், இசட்ராமுக்கு யார் சொல்வது? அழித்த இடத்தைத் தெரிவிக்கும் 'டிஸ்கார்ட்' விருப்பத்தைச் சேர்த்து மவுண்ட் செய்யுங்கள், அல்லது அதே வேலைக்கு 'எஃப்எஸ்ட்ரிம்' ஓட்டுங்கள்.

இசட்ராமில் வீடியோக்களை வைத்தால் இடம் மிச்சமே இல்லை. (எலக்ட்ரானிக் சிட்டி)

ஏற்கெனவே அமுக்கியதை மேலும் எங்கே அமுக்குவது? அடங்காத பக்கங்கள் முழு 4096 பைட்டாகவே கிடக்கும். எம்எம்_ஸ்டாட்டின் எட்டாவது எண் அவற்றின் எண்ணிக்கை. அது ஏறிக்கொண்டே போனால் வீடியோக்களை எஸ்எஸ்டிக்கே அனுப்புங்கள்.