பெயரில்லாத பாஞ்சோவைச் செய்தது யார்?

கேள்வி: நியூ ஜெர்சியில் பழைய சாமான் விற்பனையில் ஒரு பாஞ்சோ வாங்கினேன். ஐந்து தந்தி, பின்புறம் திறந்தது, தோல் முகம். மர வளையத்தின் மேல் வெள்ளை உலோகத் தகடு. எங்கும் பெயரில்லை. பாலிஷ் போட்டால் ஏதாவது தெரியுமா? ஸ்டீல் தந்தி கட்டலாமா?

பதில்: பாலிஷ் வேண்டாம். இருக்கும் தடயமும் போய்விடும். முதலில் தந்திகளைத் தளர்த்துங்கள். பின்புறமாகப் பார்த்தால், நெக்கிலிருந்து (நீண்ட கழுத்துப் பகுதி) வளையத்தின் குறுக்கே மறுபுறம் வரை ஒரு மரக்கட்டை ஓடும். பழைய பாஞ்சோக்களில் முத்திரையும் எண்ணும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும். ஃபேர்பேங்க்ஸ், வேகா என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் பாஞ்சோக்களில் கட்டையிலும் வளையத்தின் உட்புறத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். வேறுபட்டால் இரண்டு கருவிகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

ஒன்றுமே இல்லையென்றால் முதல் சந்தேகம் நியூயார்க்கின் பக்பீ தொழிற்சாலை மீதுதான். 1897 வரை இயங்கிய அது, பெயரில்லாமலும் டாப்சன் போன்ற பிறர் பெயரிலும் ஏராளமாகச் செய்து கொடுத்தது. ஆகவே ஒரு கடையின் பெயர் கிடைத்தாலும் அது செய்தவர் பெயராக இருக்க வேண்டியதில்லை.

தகட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது பெரும்பாலும் வெள்ளியல்ல, ஜெர்மன் சில்வர் என்ற செம்பு-நிக்கல் கலவை, காந்தம் ஒட்டாது. விளிம்பில் மட்டும் ஒட்டினால், தகட்டைச் சுருட்டி உள்ளே இரும்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். இந்த வேலையை ஸ்டூவர்ட் என்ற இன்னொரு தயாரிப்பாளர், பக்பீ இருவருமே செய்தார்கள். தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளும் அவற்றைத் தாங்கும் பிடிகளும் பல பட்டறைகளுக்கு ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம், பின்னாளில் மாற்றியும் இருக்கலாம். நம்பத்தக்கவை மரவேலைதான்: வளையத்தைத் தொடும் இடத்தில் நெக்கின் அடிச்செதுக்கு, முறுக்காணிகள் இருக்கும் தலையின் வெளிக்கோடு, நெக்கை இறுக்கும் முறை. இம்மூன்றையும் நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்து, முத்திரையுள்ள கருவிகளின் படங்களோடு ஒப்பிடுங்கள். வளையத்தின் விட்டம், கொக்கிகளின் எண்ணிக்கை, தந்தி அதிரும் நீளம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நட்சத்திர வாய் திருகாணி கண்ணில் பட்டால் அது 1930களுக்குப் பிந்தைய ரிப்பேர்.

ஐந்தாம் தந்தி குழாய்க்குள் புகுந்து தலைப்பக்கம் போகிறதா? அப்படியானால் அது ஆங்கிலேயக் கருவியாக இருக்கலாம்; லண்டன், பர்மிங்காம் பட்டறைகளில் தேட வேண்டும்.

தோலைக் கழற்றாதீர்கள். காய்ந்த கன்றுத்தோல் தளர்த்தினால் கிழியலாம்; மறுபடி ஏற்ற நனைக்க வேண்டிவரும். நெக்கும் வளையமும் சேரும் இடத்தில் சிறு மர ஆப்பு இருந்தால் தொலைக்காதீர்கள், நெக்கின் சாய்மானத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஸ்டீல் தந்தி கூடாது. விலங்குக் குடலில் திரித்த தந்தியின் இழுவிசைக்குச் செய்த நெக் வளைந்துவிடும். நைலான் கட்டுங்கள்.