கட்டம் கட்டமாக வரைந்த டச்சு ஓவியர் மோந்திரியான், அதற்கு முன் சாதாரணப் பொருட்களை வரைந்தாரா?

வரைந்திருக்கிறார். மேசைமேல் இருக்கும் ஒரு இஞ்சி ஜாடியை (இஞ்சி போட்டு வைக்கும் உருண்டை ஜாடி) 1911-12-ல் இரண்டு முறை வரைந்தார். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர் போன பாதை புரியும்.

முதல் ஓவியத்தில் கோப்பை, துணி எல்லாம் அடையாளம் தெரியும். பிரெஞ்சு ஓவியர் செசானின் பாதிப்பு அப்பட்டம். 1911-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி ஒன்றில் செசான் ஓவியங்களும், பொருட்களைத் துண்டு துண்டாக உடைத்து வரைந்த பிக்காசோ, பிராக் ஓவியங்களும் வந்திருந்தன. அப்புறம் மோந்திரியான் பாரிஸுக்கே குடிபெயர்ந்தார்.

இரண்டாவதில் சுற்றியுள்ள பொருட்கள் கோடுகளாகவும் சாம்பல் தளங்களாகவும் உடைந்துவிடுகின்றன. நடுவில் நீலப்பச்சை ஜாடி மட்டும் உருண்டையாகவே நிற்கிறது. நேர்கோடுகள் நெருக்க, அந்த ஒரு வளைவு விட்டுக்கொடுக்காமல் இருப்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். அடுத்து வந்த ஓவியங்களில் வளைவுகள் மெல்ல மறைந்தன. சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள் 1920 வாக்கில்தான் வந்தன.