எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் டிரைவ்) திடீரென்று கம்ப்யூட்டரில் தெரியவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் போனதுதானா?

போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். 'இனிஷியலைஸ் செய்யவா', 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம்; இரண்டுமே டிரைவைப் புதிதுபோல் காலியாகத் தொடங்க வைக்கும் வேலை. நேற்று ராத்திரி வரை ஓடியது, காலையில் காணோம் என்ற நிலையில்தான் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது.

நான் சேலம் அம்மாபேட்டையில் பட்டுச்சேலைக்கு ஜக்கார்டு டிசைன் (தறியில் பூ, மயில் விழ வைக்கும் வரைபடம்) போடுகிறவன். ஒரு முந்தி வரைய பத்து, பதினைந்து நாள் ஆகும். திரையில் ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு இழை. ஒரு கட்டம் தப்பினாலும் மயிலின் கழுத்தில் கோடு விழும். ஆறு வருட வேலை அந்த ஒரு எஸ்எஸ்டியில் இருந்தது. மே மாதம், இடி மழை, கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. யூபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே வீக். மறுநாள் காலை பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கம்ப்யூட்டரின் செட்டிங் திரை) டிரைவின் பெயரே இல்லை.

கடைக்கு எடுத்துப் போனேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டே போயிடுச்சுங்க, புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். கேபிளைக்கூட மாற்றிப் பார்க்கவில்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது.

அக்கா மகன்தான் போனில் சொன்னான்: "மாமா, டேட்டா கேபிளைக் கழட்டிடுங்க, பவர் கேபிள் மட்டும் இருக்கட்டும். கம்ப்யூட்டரை ஆன் பண்ணி அரை மணி நேரம் தொடாதீங்க." அப்புறம் அணைத்து, பவர் கேபிளையும் அரை நிமிடம் கழற்றி, மறுபடி அதேபோல் அரை மணி நேரம். இரண்டாவது சுற்று முடிந்து டேட்டா கேபிளை மாட்டியதும் பெயர் வந்தது. வேறு எதையும் தொடாமல் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்தேன்.

எந்தத் தகவல் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தனக்குள்ளேயே வைத்திருக்கும். அதை எழுதும்போது கரண்ட் போனால் குழம்பிவிடும். பவர் மட்டும் கொடுத்து விட்டுவைத்தால் சில டிரைவுகள் அதைத் தாமாகவே சரி செய்துகொள்ளும். இது எல்லாவற்றுக்கும் பலிக்காது, டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சில்லே எரிந்திருந்தால் பயனில்லை என்று சொல்ல வருவீர்கள். தெரியும். தூக்கிப் போடும் முன் ஒரு மணி நேரம் செலவழிக்கலாமே என்றுதான் சொல்கிறேன்.

பயாஸில் பெயர் இருந்து விண்டோஸில் மட்டும் இல்லையென்றால், விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்டில் அதற்கு டிரைவ் எழுத்து (D, E போல) இருக்கிறதா பாருங்கள். புதிதாக மாட்டியது எம்.2 (கேபிள் இல்லாமல் நேரே போர்டில் செருகும் பட்டை வடிவ எஸ்எஸ்டி) என்றால் அது சாட்டா வகையா, என்விஎம்இ வகையா என்று பாருங்கள், இரண்டும் கம்ப்யூட்டரோடு பேசும் முறை வேறு; என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை தெரியவே தெரியாது.

காப்பி எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: பென்டிரைவில் கொடுத்து வைத்த டிசைன் ஒரே வாரத்தில் வேறு ஒருவர் தறியில் ஓடியதைப் பார்த்தவன் நான். பதினைந்து நாள் கண் நோக வரைந்ததற்கு ஒரு ரூபாய் வரவில்லை. அதனால்தான் எதையும் வெளியே வைக்கப் பயந்தேன். இப்போது இரண்டு டிஸ்க், இரண்டுமே வீட்டு பீரோவில்.

உங்களுடையது டெஸ்க்டாப்பா, லேப்டாப்பா? பயாஸில் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.