பார்வை இல்லாதவர்கள் 100, 200, 500 ரூபாய் நோட்டுகளைத் தடவிப் பார்த்தே பிரித்தறிவது எப்படி?

முதலில் அகலம், அப்புறம்தான் நீளம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துதான் ஏமாறுகிறார்கள்.

2016க்குப் பிறகு வந்த புதிய வரிசையில் 10, 20 ரூபாய் நோட்டுகளின் அகலம் 63 மி.மீ. 50, 100, 200, 500 நான்குக்கும் 66 மி.மீ. ஆனால் பழைய 50, 100 நோட்டுகளும் செல்லும். அவற்றின் அகலம் 73 மி.மீ. பழைய நூறின் நீளம் 157 மி.மீ., புதிய ஐந்நூறோ 150தான். நீளத்தை மட்டும் நம்பினால் நூறை ஐந்நூறு என்று எண்ணிவிடுவீர்கள். பழைய ஐம்பது 147, புதிய இருநூறு 146. ஒரே ஒரு மி.மீ. வித்தியாசத்தை எந்த விரலாலும் பிடிக்க முடியாது. கையில் அகலமாகத் தட்டுப்பட்டால் அது பழைய ஐம்பது அல்லது நூறு என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

66 மி.மீ. அகலமுள்ளவற்றில் ஐம்பதின் நீளம் 135, நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. நான்கு மி.மீ. இடைவெளிதான் தலைவலி. இதற்கு இரண்டு ஏடிஎம் கார்டுகள் போதும். கார்டின் அளவு 85.6க்கு 54 மி.மீ. நோட்டை மேசையில் நன்றாக நீவி விரித்து, இடது ஓரத்திலிருந்து ஒரு கார்டை நீளவாக்கிலும் அதை ஒட்டி இன்னொன்றைக் குறுக்காகவும் வையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 139.6 மி.மீ. ஐம்பது அதற்குள் அடங்கிவிடும். நூறு 2 மி.மீ. சொச்சம் வெளியே நீட்டும், இருநூறு 6, ஐந்நூறு 10. கசங்கிய நோட்டும் மூலை மடங்கிய நோட்டும் ஓரிரு மி.மீ. குறைத்துக் காட்டும், ஆகவே நீவாமல் அளக்காதீர்கள். கெட்டி அட்டையில் 142, 146, 150 மி.மீ. இடங்களில் வெட்டுக்குறி போட்டு வைத்துக்கொண்டால் நின்றபடியே அளக்கலாம்.

10, 20க்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். தவறினாலும் போவது பத்து ரூபாய்.

மேடாக அச்சிட்ட அடையாளங்களும் உண்டு: நூறில் முக்கோணம், இருநூறில் எச் எழுத்து, ஐந்நூறில் வட்டம். இடது, வலது ஓரங்களில் சாய்ந்த கோடுகள்: நூறில் நான்கு, இருநூறில் நான்கு கோடுகளோடு இடையில் இரண்டு சிறு வட்டங்கள், ஐந்நூறில் ஐந்து. புது ஐம்பதில் இப்படி எதுவும் இல்லை. வங்கியிலிருந்து வந்த மொடமொடப்பான தாளில் இவை நகத்துக்குத் தெரியும். மீன் கடை, பஸ் கண்டக்டர் பை என்று சுற்றிவந்த தாளில் தேய்ந்து போயிருக்கும். ஆகவே இவற்றைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், நீதிபதியாக வேண்டாம்.

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட மணி செயலி, கேமரா முன் காட்டிய நோட்டின் மதிப்பை ஒலியாகவோ அதிர்வாகவோ சொல்லும். நிறுவியபின் இணையம் தேவையில்லை, பாதியாக மடித்த தாளையும் கண்டுகொள்ளும். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. கூட்டமான கவுண்ட்டரில் ஒரு கையில் போனும் மறு கையில் பணமுமாக நிற்பது ஆபத்து. வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்கத்தான் இது உதவும்.

கடையில் வேலையைச் சுலபமாக்குவது மடிப்புதான். பணம் கைக்கு வந்தவுடன் அடையாளம் கண்டு, நூறை விரித்தபடியும் இருநூறைக் குறுக்கே ஒரு மடிப்பாகவும் ஐந்நூறை நீளவாக்கில் மடித்தும் வைத்துவிடுங்கள். மீதி வாங்கும்போது "எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு" என்று கேட்டு, கடைக்காரரை ஒவ்வொன்றாகக் கையில் வைக்கச் சொல்லுங்கள்.

நாணயத்தில், 2019 வரிசையின் பத்தும் இருபதும் ஒரே 27 மி.மீ. குறுக்களவு, பன்னிரண்டு மூலை தட்டுப்பட்டால் இருபது. அதே வரிசையின் ஐந்து ரூபாயும் 2011இல் வந்த இரண்டு ரூபாயும் 25 மி.மீ.தான், எடையில்தான் வேறுபாடு: ஐந்து 6.74 கிராம், இரண்டு 4.85.