பேட்டில்ஷிப்புகள் ஏன் ஒழிந்தன? கீழே என்ஜின் ரூமில் நின்றவன் சொல்கிறேன்

கேள்வி: "அவ்வளவு தடிமனான கவசமும் ராட்சத பீரங்கிகளும் இருந்த பேட்டில்ஷிப்புகளை இன்று ஏன் எந்த நாடும் கட்டுவதில்லை? இந்தியாவிடம் ஒன்றாவது இருந்ததா?"

கேட்டவர் கல்லூரி மாணவராக இருப்பீர்கள், யூடியூபில் ஜப்பானின் யமாட்டோவையோ ஜெர்மனியின் பிஸ்மார்க்கையோ பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல கேள்வி. ஆனால் ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் ஒருவர் "கிழட்டு அட்மிரல்களின் முட்டாள்தனம், பண விரயம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்னொருவர் 1914இல் மதராஸைச் சுட்ட எம்டனைப் பேட்டில்ஷிப் என்கிறார். இந்த இரண்டும்தான் என்னை எழுத வைத்தன.

நான் கடற்படைக்காரன் இல்லை. 31 வருடம் வணிகக் கப்பல்களில் என்ஜினீயராக இருந்தவன். போர் வியூகம் படித்தவர்கள் என்னைத் திருத்தலாம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கப்பல் எதனால் சாகும் என்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

முதலில் எம்டன். தமிழில் 'போர்க்கப்பல்' என்று ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவதால் வரும் குழப்பம் இது. எம்டன் ஒரு ஜெர்மன் லைட் குரூசர், அதாவது சின்னதாக, வேகமாக ஓடும் போர்க்கப்பல். சுமார் 3,600 டன், 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து. பேட்டில்ஷிப் என்றால் 1906இல் பிரிட்டன் கட்டி முடித்த டிரெட்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 18,000 டன், 30.5 செ.மீ. பீரங்கிகள் பத்து. அதோடு, உலகத்திலேயே முதன்முதலாக நீராவி டர்பைனில் ஓடிய பேட்டில்ஷிப் அதுதான். பீரங்கியைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள், டர்பைனைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள். அதற்கு முன்பு இருந்த பிஸ்டன் என்ஜின்களை முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டினால் பேரிங் சூடேறி, ஆட்கள் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே நிற்க வேண்டும். டர்பைன் அந்தப் பாட்டை ஒழித்தது. அந்த ஒரு கப்பல் வந்ததும் உலகத்தில் இருந்த மற்ற பேட்டில்ஷிப் எல்லாம் பழசாகிவிட்டது. அடுத்த 35 வருடம் எந்த நாட்டின் பலத்தையும் அதனிடம் எத்தனை பேட்டில்ஷிப் என்று கேட்டுத்தான் அளந்தார்கள். 1922இல் வாஷிங்டனில் உட்கார்ந்து எண்ணிக்கைக்கும் டன்னுக்கும் ஒப்பந்தம் போடும் அளவுக்குப் போனது.

சரி, ஏன் ஒழிந்தன?

பாடப்புத்தகப் பதில் தூரம். அது சரியான பதில்தான். மிகப்பெரிய பீரங்கியும் 40 கிலோமீட்டரைச் சுற்றித்தான் எட்டும். விமானம் அதற்குப் பல மடங்கு தூரத்திலிருந்து வந்து, தண்ணீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோவைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் இவ்வளவு கவசம் போட்ட கப்பலை அந்த டார்பிடோ எங்கே கொன்றது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எனக்கும் 1993 வரை தெரியாது.

அப்போது நான் ஃபிஃப்த் என்ஜினீயர். இருபது வருடத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த சரக்குக் கப்பல், சிங்கப்பூரிலிருந்து பாங்காக் போய்க்கொண்டிருந்தோம். என்ஜின் ரூம் கப்பலின் நடுவில் இருந்ததால் அங்கிருந்து புரொப்பல்லர் வரை, அதைச் சுற்ற வைக்கும் ஷாஃப்ட் போகும் நீளமான டன்னல். குனிந்துதான் போக வேண்டும். பக்கத்திலேயே தூண் மாதிரி ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பேரிங்காக உள்ளங்கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே கடைசி வரை போய், ஷாஃப்ட் கப்பலை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்டைப் பார்க்க வேண்டும். அந்த மாதிரிப் பழைய கப்பல்களில் அங்கே சொட்டுச் சொட்டாகக் கடல் தண்ணீர் வரும், வர வேண்டும். வந்தால்தான் கிளாண்டுக்குள் அடைத்திருக்கும் பேக்கிங் கருகாது. அன்று இரவு பன்னிரண்டு-நாலு வாட்சில் நான் போனபோது சொட்டு இல்லை. விசிறி மாதிரி விரிந்து அடித்துக்கொண்டிருந்தது. மீன்பிடி வலைக் கயிறு புரொப்பல்லரில் சுற்றி, ஷாஃப்ட் அதிர்ந்து, பேக்கிங் பிய்ந்துவிட்டது. என்ஜினை நிறுத்தினோம், தண்ணீர் குறைந்தது. நட்டுகளை இறுக்கிக்கொண்டிருக்கும்போது சீஃப் என்ஜினீயர் இறங்கி வந்தார், நாகூர்க்காரர். நான் "சரியாயிடுச்சு சார்" என்றேன். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "தம்பி, நிக்கிறப்ப எல்லாம் அடங்கின மாதிரிதான் தெரியும். திரும்பச் சுத்த விடுறப்பதான் இருக்கு. மெதுவா விடு."

விடிந்ததும் என்னைப் பிரிட்ஜுக்குக் கூட்டிப்போய் சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், ஓர் இடத்தைக் காட்டினார். மலேசியாவின் குவாந்தானுக்குக் கிழக்கே, மூழ்கிய கப்பல்களுக்குப் போடும் குறி. பிரிட்டிஷ் பேட்டில்ஷிப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அங்கேதான் கிடக்கிறது என்றார்.

1941 டிசம்பர் 10. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கடற்படையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத புத்தம் புதுக் கப்பல். கூட வந்தது ரிபல்ஸ் என்ற பேட்டில்குரூசர், பேட்டில்ஷிப் மாதிரிப் பீரங்கி, ஆனால் கவசம் குறைவு. மேலே காவலுக்கு ஒரு விமானம்கூட இல்லை. சைகோன் பக்கத்துத் தளங்களிலிருந்து ஜப்பானிய விமானங்கள் 700 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தன. ஒரு டார்பிடோ இடப்பக்கம் பின்னால், வெளிப்புற ஷாஃப்ட் இருக்கும் இடத்தில் அடித்தது. அந்த ஷாஃப்ட்டை நிறுத்திவிட்டார்கள். பிறகு மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். சேதமான ஷாஃப்ட் பாதை வழியாகத் தண்ணீர் என்ஜின் ரூமுக்குள் கொட்டியது. கப்பல் சாய்ந்தது. பின்பக்கம் மின்சாரம் போனது. மின்சாரம் போனதால் பம்பு ஓடவில்லை, விமானங்களைச் சுட வேண்டிய பீரங்கிகள் திரும்பவில்லை. அதற்கப்புறம் வந்த டார்பிடோக்கள் மிச்சத்தை முடித்தன. முற்பகலில் தொடங்கியது, பிற்பகல் ஒன்றரைக்குள் இரண்டு கப்பலும் கடலுக்கு அடியில். 840 பேர் செத்தார்கள். ஜப்பான் இழந்த விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த என்ஜின் ரூமில் நின்றவர்கள் தப்பு செய்தார்கள் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். மேலே குண்டு விழும்போது கப்பலுக்கு வேகம் வேண்டும். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் ஓட்டிப் பார்த்திருப்பேன்.

அதே வருடம் மே மாதம் பிஸ்மார்க்குக்கு நடந்ததும் இதுதான். துணி போர்த்திய, இரட்டை இறக்கை வைத்த ஸ்வார்ட்ஃபிஷ் விமானம் போட்ட ஒரு டார்பிடோ சுக்கானை ஒரு பக்கமாக இறுக்கிவிட்டது. பீரங்கி நன்றாக இருக்கிறது, கவசம் நன்றாக இருக்கிறது, என்ஜினும் ஓடுகிறது. ஆனால் நினைத்த பக்கம் திரும்ப முடியாது. மறுநாள் காலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன.

நான் சொல்ல வருவது இதுதான். இடுப்பில் ஒன்றேகால் அடி இரும்பு போடலாம். பீரங்கிக் கூண்டுக்கு அதைவிடத் தடிமனாகப் போடலாம். புரொப்பல்லருக்கும் சுக்கானுக்கும் என்ன போடுவது? அவை தண்ணீரில் வெளியே இருந்தாக வேண்டும். பீரங்கிச் சண்டையில் அந்த இடத்தில் அடி விழுவது அபூர்வம், அதனால் அத்தனை வருடம் தெரியவில்லை. விமானம் டார்பிடோவோடு வந்ததும் தெரிந்துவிட்டது. யமாட்டோவின் 46 செ.மீ. பீரங்கிகள் ஒன்பதும் 1945 ஏப்ரல் 7 அன்று அதைக் காப்பாற்றவில்லை. எதிரிக் கப்பல் ஒன்றுகூடக் கண்ணில் படாமலே மூழ்கியது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிகள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது, பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில் கையில் ஐந்து பேட்டில்ஷிப் இருந்தது. பகலில் அவரால் கிட்டே போகவே முடியவில்லை. ஒதுங்கித்தான் நின்றார். அதே மாதம்தான் மதராஸில் பாதி ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறியது. என் அம்மாச்சி கைக்குழந்தையோடு அப்படி வந்தவர்தான். "கப்பல் இருக்கு, காப்பாத்தும்னாங்க" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தியாவிடம் பேட்டில்ஷிப் இருந்ததே இல்லை. நமக்குச் சுதந்திரம் வந்தபோது அதன் காலம் முடிந்துவிட்டது. உலகத்தில் கடைசியாகக் கட்டி முடித்த ஒரு சிலவற்றில் ஒன்றான பிரிட்டனின் வான்கார்ட், 1946இல் சேவைக்கு வந்து 1960இல் உடைக்கப் போனது. நாம் குரூசர்கள் வாங்கினோம், 1961இல் விக்ராந்த் என்ற விமானந்தாங்கியைச் சேவையில் சேர்த்தோம். புத்திசாலித்தனமான முடிவு.

அமெரிக்கா மட்டும் விடாமல் வைத்திருந்தது. 1991 வளைகுடாப் போரில் மிசௌரியும் விஸ்கான்சினும் சுட்டன. அப்போது விஸ்கான்சினில் உண்மையாகவே பயன்பட்டவை டோமஹாக் ஏவுகணைகளும் ஆளில்லா விமானமும். அந்தக் குட்டி விமானத்தைப் பார்த்து ஈராக்கிய வீரர்கள் கையைத் தூக்கிச் சரணடைந்தார்கள். சுமார் 300 பேர் ஓட்டும், அதைவிடச் சின்ன டெஸ்ட்ராயர் போர்க்கப்பலே டோமஹாக் ஏவும்போது, ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சோறு போட்டு எட்டு பாய்லரை எதற்கு எரிக்க வேண்டும்?

விஸ்கான்சின் இப்போது அமெரிக்காவின் நோர்ஃபோக்கில் அருங்காட்சியகம். வேலையில் இருந்தபோது அந்தக் கரைக்கு மூன்று தடவை நிலக்கரி ஏற்றப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பார்க்க விடவில்லை. 2004க்கு அப்புறம் பாதுகாப்பு என்ற பெயரில் கப்பல்காரர்களைக் கைதி மாதிரி நடத்தினார்கள், இதை யாரும் பேசுவதில்லை. கப்பலிலிருந்து கேட் வரை நடக்கக் கூடாது, முனையத்து வண்டியில்தான் போக வேண்டும், அதற்கு ஆளுக்கு இவ்வளவு டாலர் என்றான் ஒரு இடத்தில். பெயர் வேண்டாம். ஏழு மாதமாக மண்ணை மிதிக்காத பையன்கள் கூட இருந்தார்கள். உலகச் சரக்கையெல்லாம் சுமக்கிறவனுக்கு இரண்டு மணி நேரம் கீழே இறங்க அப்போது உரிமை இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் இதை எழுதாமல் இருக்க என்னால் முடியாது.

ஓய்வுக்கு அப்புறம் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன். மேலே தேக்குப் பலகைத் தளம், பிரிட்ஜுக்குள் 43 செ.மீ. தடிமனுள்ள கவசக் கோபுரம். அதன் கதவைக் கையால் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது. நீங்கள் எப்போதாவது போனால், வழிகாட்டியோடு கீழே என்ஜின் ரூமுக்கு இறங்கும் டூருக்கும் பணம் கட்டுங்கள். மேலே பீரங்கியோடு படம் எடுக்கக் கூட்டம் நிற்கும். நான் போன அன்று கீழே நாங்கள் நாலு பேர்தான். டர்பைனின் பெரிய கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் நின்றேன், வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை.