கில்காமேஷ் காட்டிய மதில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய மெசபடோமியாவின் கில்காமேஷ் காவியத்தைச் சமீபத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்தேன். படிக்க வைத்தது என் நண்பனின் மரணம். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருந்தவன். கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை. "இனி அவன் பேர் சொல்ல யார் இருக்கா?" என்று துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர் சொன்னது மனதை விட்டுப் போகவில்லை.

காவியத்தின் முடிவு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நண்பனைப் பறிகொடுத்து, சாகாமல் இருக்க வழி தேடி உலகத்தின் எல்லைவரை அலைந்த அரசன் கில்காமேஷ், வெறுங்கையோடு தன் ஊரான ஊரூக் நகரத்துக்குத் திரும்பி, கூட வந்த படகோட்டிக்கு மதில்சுவரைக் காட்டுகிறான். அவ்வளவுதானா? அந்த நண்பன் என்கிடுவை மறந்துவிட்டானா? வழியில் அவன் சந்திக்கும் மதுக்கடைக்காரி சிடூரி சொல்வதுதான் காவியத்தின் சாரம் என்று பலர் எழுதுகிறார்கள். சரியா? காவியம் எழுதப்பட்ட களிமண் பலகைகளில் பன்னிரண்டாவதை இன்னும் படிக்கவில்லை. படிக்க வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இழப்புக்கு என் வருத்தங்கள். அந்தப் பெரியவர் கேட்டதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சிடூரி. "வயிறு நிறையச் சாப்பிடு, ஆடிப் பாடு, குளித்துத் துவைத்த துணி உடுத்து, கையைப் பிடித்துக்கொள்ளும் குழந்தையைப் பார், மனைவியை மகிழவை" என்று அவள் சொல்வது ஏறக்குறைய 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய பாபிலோனியப் பலகையில் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து சின்-லேகி-உன்னின்னி என்பவர் பெயரில் வழங்கிய பதினொரு பலகை வடிவத்தில் அது இல்லை. அங்கே சிடூரி அவனுக்கு வழி மட்டும்தான் சொல்கிறாள். அந்த அறிவுரையைக் காவியத்தின் சாரம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் சொல்வதை இன்னொருமுறை பாருங்கள். சாப்பாடு இருக்கிறது, குழந்தை இருக்கிறது, மனைவி இருக்கிறாள். நண்பன் இல்லை. கில்காமேஷ் வந்து நிற்பதோ நண்பனுக்காக. நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான், ஆனால் அவன் துக்கத்தை அது தொடவே இல்லை.

என்கிடு அவனுக்கு யார் என்பதைப் பார்க்க வேண்டும். இன்னும் பழைய சுமேரியப் பாடல்களில் என்கிடு பெரும்பாலும் ஏவலாள். பாபிலோனியக் கவிஞர்கள் அவனைத் தோழனாக்கினார்கள். ஆட்டிப்படைக்கும் அரசனுக்கு ஈடுகொடுக்க ஒருவன் வேண்டும் என்று ஊர்மக்கள் முறையிட, அரூரு என்ற தாய்த்தெய்வம் களிமண்ணைக் கிள்ளிப்போட்டு அவனை உண்டாக்குகிறாள். இந்தக் களிமண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இருவரும் பேர் எடுக்கத்தான் தேவதாருக் காட்டுக்குப் போகிறார்கள். காவலன் ஹும்பாபாவைக் கொன்று மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கி, 2014இல் வாசகம் வெளியான ஐந்தாம் பலகையின் துண்டு ஒன்றில், "நண்பா, காட்டைப் பாழாக்கிவிட்டோமே, என்லில் கேட்டால் என்ன சொல்வோம்?" என்கிறான் என்கிடு. தேவர்களின் தலைவன் என்லில். வெட்டியதிலேயே உயர்ந்த மரத்தில் நிப்பூர் நகரத்து என்லில் கோயிலுக்கு ஒரு கதவு செய்கிறார்கள்.

ஏழாம் பலகையில் அந்தக் கதவு மறுபடி வருகிறது. என்கிடு சாக வேண்டும் என்று தேவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். நோயில் விழுந்தவன், மனிதரிடம் பேசுவதுபோல் கதவிடம் பேசுகிறான்: ஆறு கோல் உயரம், இரண்டு கோல் அகலம், ஒரு முழம் தடிமன் உனக்கு, இதுதான் நீ எனக்குச் செய்யும் கைம்மாறு என்று தெரிந்திருந்தால் கோடரியாலேயே உன்னைப் பிளந்திருப்பேனே. அப்புறம் ஒரு சாபம். எனக்குப் பின்னால் வரும் அரசன் ஒருவன் என் பெயரை உன் மேலிருந்து எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடட்டும்! செதுக்கி வைத்த பெயர் எவ்வளவு நாள் நிற்கும் என்பது இந்தக் கவிஞருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்து, போர்க்களத்தில் விழக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வேதனையோடு போய்ச் சேர்கிறான் என்கிடு.

ஆறு பகல், ஏழு இரவு உடலை அடக்கம் செய்யக் கொடுக்க மாட்டேன் என்கிறான் கில்காமேஷ். மூக்கிலிருந்து புழு விழுந்த பிறகுதான் விடுகிறான். இதை சிடூரியிடம் சொல்கிறான், படகோட்டி ஊர்ஷனபியிடம் சொல்கிறான், பிரளயத்தில் தப்பிச் சாகாவரம் பெற்ற உத்னபிஷ்டிமிடமும் அதே வரிகளில் சொல்கிறான். திரும்பத் திரும்ப வருவது சலிப்பாக இருக்கிறது என்பார்கள். துக்க வீட்டில் வருகிறவர் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து அதே கதையைச் சொல்கிறோம் இல்லையா, இதுவும் அப்படித்தான். அந்த வரிகளில் ஒன்று: "நான் நேசித்த நண்பன் களிமண்ணாகிவிட்டான்."

சாவை வெல்ல வந்தவனிடம், முதலில் ஏழு நாள் தூங்காமல் இரு பார்க்கலாம் என்கிறார் உத்னபிஷ்டிம். உட்கார்ந்ததுமே தூங்கிப்போகிறான். தூங்கியதை அவன் பிறகு மறுக்கக்கூடும் என்று உத்னபிஷ்டிமின் மனைவி தினம் ஒரு ரொட்டி சுட்டு அவன் தலைமாட்டில் வைக்கிறாள். அவன் விழிக்கும்போது முதல் ரொட்டி காய்ந்து வறண்டிருக்கிறது, இன்னொன்றில் பூஞ்சை, ஏழாவது இன்னும் தணலில் இருக்கிறது. சாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை, ரொட்டி வரிசையைப் பார்த்தாலே போதும். கடைசியில் கிடைத்த இளமை தரும் செடியையும், குளத்தில் குளிக்க இறங்கியபோது பாம்பு கொண்டுபோய்விடுகிறது. உட்கார்ந்து அழுகிறான்.

இனி உங்கள் மதில். ஊர்ஷனபியிடம் அவன் சொல்வது இதுதான்: மேலே ஏறு, நடந்து பார், அடித்தளத்தைச் சோதி, செங்கல் சுட்டதுதானா என்று பார், அடித்தளம் இட்டவர்கள் ஏழு ஞானிகள் அல்லவா? பிறகு அளவு சொல்கிறான். ஒரு பங்கு நகரம், ஒரு பங்கு பேரீச்சந்தோப்பு, ஒரு பங்கு களிமண் குழி, அரைப் பங்கு இஷ்தார் கோயில். பேர் எடுக்கக் காட்டுக்குப் போனவன், இங்கே தன் பேரைச் சொல்லவில்லை. அடித்தளத்தின் பெருமையையும் ஞானிகளுக்கே கொடுத்துவிடுகிறான்.

ஊரின் பெருமையைச் சொல்கிறவன் களிமண் குழியையும் ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்? செங்கல்லுக்கு மண் எடுக்கும் இடம் அது. மண்ணால் ஆனவன் என்கிடு, மண்ணாகிவிட்டான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன் கில்காமேஷ். ஊரில் ஒரு பங்கு அந்த மண் என்று அவனே சொல்லும்போது, நண்பனை மறந்துவிட்டான் என்று எனக்குப் படவில்லை. மதிலின் ஒவ்வொரு செங்கல்லிலும் இனி அவன் என்கிடுவைத்தான் பார்ப்பான். இது என் வாசிப்பு. எல்லா அறிஞர்களும் இப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எனக்கு இதில் முழு நம்பிக்கை இருக்கிறது.

ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் சுற்றளவுள்ள அந்த மதில் இன்று தென் ஈராக்கின் வர்க்காவில் மண்மேடாகக் கிடக்கிறது. என்கிடுவுக்குப் பெற்றோர் இல்லை, பிள்ளை இல்லை. கதவில் இருந்த பேரையும் அழியட்டும் என்று அவனே சபித்தான். ஆனாலும் அவன் பேர் நமக்குத் தெரியும், பார்த்தவரிடமெல்லாம் சொல்ல ஒரு நண்பன் இருந்ததால். அந்தப் பெரியவர் கேட்டதற்கு இதுதான் என் பதில். உங்கள் நண்பர் பேரைச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

பன்னிரண்டாவது பலகை பின்னால் ஒட்டவைத்ததுதான். ஒரு சுமேரியப் பாடலின் பிற்பாதியை அக்காடிய மொழியில் பெயர்த்தது. ஏழாம் பலகையில் செத்த என்கிடு அதன் தொடக்கத்தில் உயிரோடு இருக்கிறான். பிறகு அவன் ஆவி பாதாளத்திலிருந்து வருகிறது, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். "கீழுலகம் எப்படி இருக்கிறது, சொல்" என்கிறான் இவன். "சொன்னால் உட்கார்ந்து அழுவாய்" என்கிறான் அவன். "அழுகிறேன், சொல்." அதற்காகவே படிக்கலாம். ஆனால் அதற்கு அடுத்தாற்போல், எத்தனை பிள்ளைகளோ அத்தனை நல்ல கதி என்று ஒரு பட்டியல் வருகிறது. படையல் வைக்க ஆளில்லாதவனின் நிலை அதில் மிகக் கொடுமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அது அந்தக் காலத்து நம்பிக்கை. நீங்கள் இப்போதிருக்கும் மனநிலையில் அதைப் படிக்க வேண்டாம். கொஞ்ச காலம் போகட்டும். இப்போதைக்கு எட்டாம் பலகையை, கில்காமேஷின் ஒப்பாரியை, மறுபடி எடுத்து வாசியுங்கள்.

அன்புடன்