கோட்டிங்கைக் காயவைக்கும் டிரையரிலிருந்து வெளியேறும் காற்றில் கலந்துபோகும் அசிட்டோனை (எளிதில் ஆவியாகும் கரைப்பான்) 5 டிகிரி சில்லர், அதாவது குளிர்விக்கும் இயந்திரம், வைத்துப் பிடிக்க முடியுமா?

முடியாது. வடிகுழாயில் சொட்டுவது பெரும்பாலும் காற்றின் ஈரப்பதம்தான். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அசிட்டோன் கரைந்து மணக்கும். அந்த வாசனையை நம்பி இயந்திரம் வாங்கிவிடாதீர்கள்.

காற்றில் 2.5 சதவீதம் அசிட்டோன் சேர்ந்தாலே தீப்பற்றும். அதனால் பொதுவாக அதில் நாலில் ஒரு பங்கு, சுமார் 0.6 சதவீதத்தைத் தாண்டாதபடி நிறையக் காற்றை ஊதித் தள்ளுகிறோம். இவ்வளவு நீர்த்துப்போன ஆவி மைனஸ் 40 டிகிரி அளவில்தான் துளியாக மாறவே தொடங்கும். பாதியைப் பிடிக்க மைனஸ் 50 வரை போக வேண்டும்.

அப்புறம் மின்சாரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு கிலோ காற்றை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 50-க்கு இறக்க ஏறக்குறைய 80 கிலோஜூல் எடுக்க வேண்டும். அதில் கிடைக்கும் 6 கிராம் அசிட்டோனைத் திரவமாக்க 3, 4 கிலோஜூல் போதும். மீதியெல்லாம் காற்றைக் குளிர்விக்கத்தான். வெளியேறும் குளிர்காற்றை வைத்தே உள்ளே வரும் காற்றை முதலில் குளிர்விக்காவிட்டால் இந்தத் திட்டம் கட்டுப்படியாகாது.

பனியும் லேசான விஷயமல்ல. நான் வேலை பார்த்த ஒரு கோட்டிங் லைனில், ஈரத்தை முன்கூட்டியே பிரிக்காமல் காற்றை நேராகக் குளிர்காயிலுக்கு (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளுக்கு) விட்டோம். ஒரே ஷிஃப்டில் காயிலின் ஃபின்களின் (மெல்லிய தகடுகளின்) இடைவெளி முழுக்க வெண்பனி அடைத்து, மின்விசிறி திணறும் சத்தம் கேட்டது. பிறகு 3 டிகிரியில் தண்ணீரை வடித்து, அதற்கடுத்து இரண்டு காயில்களை மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒன்று உறையும்போது மற்றது உருகும். சட்டென்று குளிர்வித்தால் ஆவி மெல்லிய மூடுபனியாகிக் காயிலைத் தாண்டிப் போய்விடும். அந்த நுண்துளிகளைப் பிடிக்கும் டிமிஸ்டர் கட்டாயம் வேண்டும்.

என்னைக் கேட்டால், டிரையரை நன்றாக மூடி நைட்ரஜனைச் சுற்றவிடுவதுதான் சரி. ஆக்சிஜனை வெகுவாகக் குறைத்துவிட்டால் தீப்பற்றாது, ஆவியின் அளவைப் பல மடங்கு ஏற்றலாம், மைனஸ் 30-லேயே நன்றாகப் பிடிக்கும். பிடிபடாதது புகைபோக்கிக்குப் போகாமல் திரும்ப டிரையருக்கே வரும். ஆனால் ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கும் கருவி இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. நைட்ரஜன் வெளியே கசிந்தால் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் ஆளையே கொல்லும்.

மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று போகிறது, எத்தனை கிலோ அசிட்டோன் செலவாகிறது என்று எழுதுங்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.